பார்க்க ஒண்ணுமில்லாத ஊர்

சென்னையில் படிக்கிற பசங்களுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போகிற இடம் ஒன்றே ஒன்றுதான். பாண்டிச்சேரி. ஏன் என்றெல்லாம் கேட்கக் கூடாது! ஈ.சி.ஆர். வழியாகப் போகிற பஸ்ஸில் அடித்துப் பிடித்து ஜன்னல் சீட் வாங்குவார்கள். மகாபலிபுரம் தாண்டியதும் தூங்கிவிடுவார்கள். பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டில்தான் கண் விழிப்பார்கள்.

நடுவில் ஒரு ஊர் வரும். சாலையோரம் கட்டம் கட்டமாகத் தண்ணீர், அந்தக் கட்டங்களின் கரையில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். விழித்திருக்கிற ஓரிருவர் "டேய், உப்புடா!" என்று செல்போனை எடுத்து ஒரு படம் பிடிப்பார்கள். படம் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்குள் ஊர் போய்விடும். அந்த ஊர்தான் மரக்காணம். சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பாண்டிச்சேரிக்கு இன்னும் முப்பத்தைந்து, நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது வரும்.

இந்தக் கதை அந்த ஊரில் தூங்காமல் இறங்கிய நாலு பேரைப் பற்றியது.

நாலு பேரும் பி.காம். மூன்றாம் வருடம். ஹாஸ்டலில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, எந்த ஊரோ அதுதான் பெயர். தேனி, சேலம், அம்பத்தூர், மரக்காணம். (அம்பத்தூர் ஹாஸ்டலில் தங்குபவன் இல்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தவறாமல் இருப்பான்.) பிப்ரவரி கடைசியில் இரண்டு நாள் லீவு வந்தது. வழக்கம்போல் பாண்டிச்சேரிக்குத் திட்டம் போட்டார்கள். ரூம் வாடகை, வண்டி வாடகை, சாப்பாடு என்று தேனி ஒரு நோட்டில் எழுதிக் கூட்டினான். ஆளுக்கு மூவாயிரம் வந்தது. கையில் இருந்ததோ ஆளுக்கு ஆயிரத்து இருநூறு. மூன்று வருடமாக பட்ஜெட் போடுவதைப் படித்த படிப்புக்கு அன்றைக்குத்தான் ஒரு பயன் கிடைத்தது. பாண்டிச்சேரி போக முடியாது என்று உறுதியாகத் தெரிந்தது!

"மச்சான், உங்க ஊர்லதான் கடல் இருக்கே. அங்கயே போலாமேடா" என்றான் சேலம்.

"எங்க ஊர்ல பாக்க ஒண்ணுமில்லடா" என்றான் மரக்காணம்.

மூன்று வருடமாக அவன் சொல்லி வந்த பதில்தான் இது. ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்ல". அப்பா என்ன செய்கிறார் என்றால் "இல்லடா, செத்துட்டாரு". அம்மா? "வேலைக்குப் போறாங்க." என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. அவன் சொன்னதும் இல்லை.

அம்பத்தூர் விடவில்லை. அவன் அக்கா ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் படிக்கிறாள். போன கோடையில் ஃபைஃப் என்ற கடற்கரைப் பகுதிக்குப் போய்ப் படங்கள் அனுப்பியிருந்தாள். கடலோரமாகவே நடந்து போவதற்குத் தனியாகப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையில் செயிண்ட் மோனன்ஸ் என்று ஒரு மீன்பிடி ஊர். அங்கே ஒரு பழைய காற்றாலை, பக்கத்தில் புல் முளைத்த மேடுகள். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அங்கே உப்பு காய்ச்சினார்களாம். அந்த ஊர் வெயில் போதாது என்பதால் கடல் தண்ணீரைப் பெரிய இரும்புத் தொட்டியில் விட்டு, அடியில் நிலக்கரி எரித்துச் சுண்டக் காய்ச்சி உப்பு எடுத்திருக்கிறார்கள். எடின்பரோ பக்கத்தில் பிரஸ்டன்பான்ஸ், மேற்குக் கரையில் சால்ட்கோட்ஸ் என்று உப்பால் பெயர் வாங்கிய ஊர்களே உண்டு. தொழில் நின்றுபோய் எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனாலும் அந்த மேடுகளைப் பார்ப்பதற்கு ஜனங்கள் ஷூ மாட்டிக்கொண்டு நடந்து போகிறார்கள்.

"நின்னு போன உப்பளத்தைப் பாக்க அங்க அவ்ளோ பேர் போறாங்க. உங்க ஊர்ல ஓடிட்டு இருக்கு. ஒண்ணுமில்லன்றியே?" என்று கேட்டான் அம்பத்தூர்.

மரக்காணத்திடம் பதில் இல்லை. "சரி வாங்க. ஆனா உப்பளம்லாம் போரு. வேற எடம் காட்டுறேன்" என்றான். அவன் சொன்னதைச் செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத ஊரில் ஒன்றரை நாளுக்கு நிகழ்ச்சி நிரல் வைத்திருந்தான்!

முதலில் ஆலம்பரைக் கோட்டை. மரக்காணத்துக்கு முன்பே கடப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடலைப் பார்த்து உள்ளே போக வேண்டும். நாலு பேரும் காசை மிச்சம் பிடிக்க நடந்தே போனார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் உப்பங்கழியின் கரையில் பாதி நின்றுகொண்டும் பாதி விழுந்தும் கிடக்கின்றன. ஆற்காடு நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில், 1730களின் பிற்பகுதியில் கட்டிய கோட்டை. 1750இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர்கள் பிடித்து இடித்தார்கள். ஒரு காலத்தில் இங்கே நாணயம் அடித்திருக்கிறார்கள், துறைமுகம் இருந்திருக்கிறது, கப்பலில் சரக்கு ஏறியிருக்கிறது. இன்றைக்கு ஆடு மேய்கிறது, கல்யாண ஜோடிகள் போட்டோ எடுக்கின்றன.

கோட்டைக்கு அந்தப் பக்கம் கழி, கழிக்கு அப்புறம் ஒரு மணல் திட்டு, திட்டுக்கு அப்புறம் கடல். மீனவர்கள் படகில் கூட்டிப் போகிறார்கள். பேரம் பேசுவதில் சேலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் படகுக்காரர், "தம்பி, டீசல் வெலை உங்களுக்குத் தெரியாததா?" என்று ஒரே கேள்வியில் அவனை முடித்துவிட்டார். மணல் திட்டில் இவர்கள் நாலு பேரைத் தவிர யாருமில்லை. ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் அசையாத தண்ணீர். இவ்வளவு பெரிய கடற்கரை முழுக்கத் தங்களுக்கே என்பதை மெரினாவில் சுண்டல் கூட்டத்துக்கு நடுவில் நின்று பழகியவர்களால் நம்ப முடியவில்லை. (கழியும் கடலும் சேருகிற இடத்தில் இழுப்பு அதிகம். நீச்சல் தெரிந்தவர்களும் படகுக்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.)

மத்தியானம் மரக்காணம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பூமீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கற்கோயில். கட்டடம் பிரமாண்டம் இல்லை, ஆனால் சுவர் முழுக்க எழுத்து. ராஜராஜன் காலத்திலிருந்து கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இந்த ஊரை ராஜராஜப் பேரளம் என்று சொல்லியிருப்பதாக மரக்காணம் சொன்னான். அளம் என்றால் உப்பளம். உப்பளத்துக்கு ராஜா தன் பெயரையே வைக்கிற அளவுக்கு இருந்திருக்கிறது இந்தத் தொழில்!

"இதெல்லாம் உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டான் தேனி.

"ஸ்கூல்ல தமிழ் ஐயா சொன்னாரு."

அந்த ஐயா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். பத்துப்பாட்டில் சிறுபாணாற்றுப்படை என்று ஒரு நூல். 269 வரி. எழுதியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு எங்கேயோ இல்லை, காலையில் இவர்கள் இறங்கிய கடப்பாக்கம் இருக்கிற பகுதிதான். அதில் ஓய்மானாட்டு அரசன் நல்லியக்கோடனிடம் பரிசு வாங்கித் திரும்புகிற பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான். கடலோரத்தில் எயிற்பட்டினம் வருகிறது. அங்கே பரதவர் வீட்டில் சுட்ட மீனும் கள்ளும் கிடைக்கும், அலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டையை அடுப்பில் எரிப்பார்கள் என்கிறான். அந்த எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு சுற்றுலா வழிகாட்டிதானே? கையில் காசில்லாத ஆள் எங்கே போய் எப்படிப் பிழைத்து வரலாம் என்று சொல்கிற வழிகாட்டி. ஆயிரத்து இருநூறு ரூபாயோடு வந்திருக்கிற நாலு பேருக்கு இதைவிடப் பொருத்தமான நூல் கிடைக்காது!

சாயங்காலம் கழுவேலி. ஊருக்குத் தென்மேற்கே விரிந்து கிடக்கிற பெரிய ஏரி. ஏரி என்று சொன்னாலும் ஒரு பக்கம் மழைத் தண்ணீர், கடலை நெருங்க நெருங்க உப்புத் தண்ணீர். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது என்பார்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 5,151 ஹெக்டேருக்கு மேல். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வெளிநாட்டுப் பறவைகள் வரும். இவர்கள் போனபோது தூரத்தில் கூழைக்கடாக்கள், அரிவாள் மூக்கன்கள், இன்னும் தூரத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. பூநாரைகள். சேலம் செல்போனில் பெரிதாக்கிப் படம் எடுத்தான். படத்தில் ரோஸ் நிறத்தில் நாலு புள்ளி விழுந்தது. பைனாகுலர் இருக்கிறவர்கள் கொண்டு போவது நல்லது.

ராத்திரி மரக்காணத்தின் வீடு. சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே அறை, முன்னால் ஒரு திண்ணை. அவன் அம்மா மடவை மீன் குழம்பும் சோறும் வைத்திருந்தார்கள். "வாங்க தம்பி, உக்காருங்க. இன்னா படிக்கிறீங்கோ எல்லாரும், இவங்கூடத்தானா? நல்லா சாப்புடுங்க" என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குழம்பைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். தேனி மூன்று தடவை சோறு வாங்கினான். திண்ணையில் படுத்தபோது அம்மா சொன்னார்கள், "நான் வெடிகாலம் வேலைக்குப் பூடுவேன். இட்லி ஊத்தி வெச்சிட்டுப் போறேன், எழுந்து துன்னுங்க."

இதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

மறுநாள் விடியும் முன்பே அம்பத்தூருக்கு விழிப்பு வந்துவிட்டது. உப்பளத்தைப் பார்க்காமல் போனால் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது? மரக்காணம் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பினால் "அதுல என்னடா இருக்கு" என்பான். மூன்று பேரும் சத்தமில்லாமல் கிளம்பிவிட்டார்கள்.

விடிகிற நேரத்து உப்பளத்தை வார்த்தையில் சொல்வது கஷ்டம். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்தி. ஒவ்வொரு பாத்தியிலும் ஒவ்வொரு வானம். ஒன்றில் சாம்பல் நிறம், ஒன்றில் லேசான சிவப்பு. பாத்திக்கும் பாத்திக்கும் நடுவில் ஒற்றையடி வரப்பு. சில பாத்திகளில் தண்ணீரின் மேல் மெல்லிய ஆடை மாதிரி ஏதோ படிந்திருந்தது. தேனி செருப்பைக் கழற்றிவிட்டு நடுப் பாத்தியில் இறங்கி நின்றான். சேலமும் இறங்கினான். தண்ணீர் கணுக்காலுக்குக் கூட வரவில்லை. காலுக்கடியில் ஏதோ நொறுக் நொறுக்கென்று உடைந்தது. "அப்படியே ரெண்டு ஸ்டெப் முன்னாடி வா, ஓடி வா, குதி!" என்று அம்பத்தூர் வரப்பில் நின்று வீடியோ எடுத்தான்.

"தம்பி! எறங்காதீங்க! ஏறுங்க, ஏறுங்க மேல!"

தூரத்தில் வரப்பின் மேல் ஒரு அம்மா ஓடி வந்தார்கள். தலையில் சும்மாடு, புடவைக்கு மேல் ஒரு பழைய ஆண்கள் சட்டை, கையில் காலிக் கூடை. பக்கத்தில் வந்த பிறகுதான் மூன்று பேருக்கும் அடையாளம் தெரிந்தது. ராத்திரி மீன் குழம்பு ஊற்றிய கை.

அவர்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கோபத்தோடு ஓடி வந்தவர்கள் ஒரு நொடி அப்படியே நின்றார்கள். "நீங்களா..." என்றார்கள். பிறகு மெதுவாக, "ஏறி வாங்க சாமி. வந்த தடத்துலயே கால வெச்சி வாங்க. புதுசா மிதிக்காதீங்க."

பாத்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். தெளிவாக இருந்த தண்ணீரில் சேறு கலங்கி, இரண்டு பேர் குதித்து ஓடிய தடம் மட்டும் காபி நிறத்தில் கிடந்தது.

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "யாருய்யா இது? யார் எறங்குனது?" அம்மா முந்திக்கொண்டார்கள். "எம் புள்ளையோட சிநேகிதப் பசங்க மேஸ்திரி. மெட்ராஸ்ல படிக்கிற புள்ளைங்க, தெரியாம எறங்கிட்டாங்க. இந்தப் பாத்திய நான் பாத்துக்குறேன்." மேஸ்திரி மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "படிக்கிற புள்ளைங்களா..." என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் கூடத் தேவலாம் போலிருந்தது.

இந்த நேரத்தில் மரக்காணமும் வந்து சேர்ந்தான். திண்ணையில் ஆளைக் காணோம் என்றதும் எங்கே போயிருப்பார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. வரப்பில் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான். அம்மாவைப் பார்த்தான், நண்பர்களைப் பார்த்தான், கலங்கிய பாத்தியைப் பார்த்தான். மூன்று வருடமாக "வேலைக்குப் போறாங்க" என்பதற்கு மேல் சொல்லாமல் வைத்திருந்தது எல்லாம் அந்த வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தது.

யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தேனிதான் ஆரம்பித்தான். "அம்மா, இத சரி பண்ண முடியுமா? நாங்க ஏதாச்சும் செய்யலாமா?"

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் தம்பி, செஞ்சது போதும்" என்று சிரித்தார்கள் அம்மா. அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் மரக்காணம் கிட்டே வந்தான். வந்தவன் பேச ஆரம்பித்தான். மூன்று வருடத்தில் அவன் ஒரே நேரத்தில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

பொங்கல் ஒட்டி மழை முடிந்ததும் பாத்தியில் தேங்கின தண்ணீரை வெளியேற்றி, சேற்றை வாரி எடுத்து, தரையைக் காலால் மிதிக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. தரை சிமெண்ட் மாதிரி இறுகுகிற வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று மிதிப்பார்கள். தரை இறுகினால்தான் உப்பு வெள்ளையாக வரும். இல்லாவிட்டால் மண் சேர்ந்துகொள்ளும், விலை போகாது. அப்புறம் கழியிலிருந்தும் போரிலிருந்தும் உப்புத் தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில் விடுவார்கள். அங்கிருந்து அடுத்தது, அடுத்தது என்று மாற்றி மாற்றி வெயிலில் சுண்ட விடுவார்கள். டிகிரி பார்க்கிற கருவியை வைத்தால் சாதாரணக் கடல் தண்ணீர் மூன்று டிகிரி சொச்சம் காட்டும். இருபத்தைந்து வந்தால்தான் உப்பு பூக்கும். முப்பதைத் தொடும் முன்பே மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், விட்டுவிட்டால் உப்பு கசக்கும். பூத்த உப்பை நீளக் கம்பு போட்ட பலகையால் இழுத்து ஒதுக்குவது ஆம்பளை வேலை. அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கரையில் கொட்டுவது பொம்பளை வேலை. வெயில் ஏறிவிட்டால் வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. அதனால்தான் விடிவதற்கு முன்பே வருகிறார்கள்.

அந்த ஆடை மாதிரி மிதந்தது என்ன என்று கேட்டான் சேலம். "அதான் உப்பு. பூக்க ஆரம்பிச்சிருந்தது" என்றான் மரக்காணம். சேலம் அதற்கப்புறம் வெகுநேரம் வாயைத் திறக்கவில்லை.

கணக்கு கேட்டது தேனி. காமர்ஸ் புத்தி எங்கே போகும்! ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பர் வாக்கில் சீசன் முடியும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை, உப்பளம் முழுக்கத் தண்ணீர், ஒரு நாள் வேலை கிடையாது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது இந்தப் பகுதியே வெள்ளக்காடாகக் கிடந்தது. நடுவில் கோடை மழை ஒன்று பெய்தாலும் போதும், பூத்த உப்பு கரைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிற திட்டத்தை அரசு கொண்டுவந்திருக்கிறது. மிச்சத்துக்குக் கடன்தான்.

"வரவு ஒம்பது மாசம், செலவு பன்னண்டு மாசம்டா" என்றான் மரக்காணம். "நம்ம ரெண்டாவது செம் ஃபீஸ் கட்டுறது டிசம்பர்ல."

வகுப்பில் நடைமுறை மூலதனம் என்று ஒரு பாடம் உண்டு. தொழிலில் பணம் வருகிற நாளுக்கும் பணம் போகிற நாளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை எப்படி நிரப்புவது என்பதுதான் அந்தப் பாடம். மூன்று பேரும் அதில் எழுபதுக்கு மேல் வாங்கியவர்கள். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

வெயில் ஏறியதும் அம்மா கூடையோடு போய்விட்டார்கள். நாலு பேரும் ஊருக்குள் இருக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பக்கம் நடந்தார்கள். ஆந்திராவில் பெத்தகஞ்சாமில் தொடங்குகிற அந்த 420 கிலோமீட்டர் கால்வாய் முடிகிற இடம் மரக்காணம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் இந்த உப்பு படகேறி இந்தக் கால்வாய் வழியாகத்தான் சென்னைக்குப் போயிருக்கிறது. அதே வெள்ளைக்காரன் தன் நாட்டில் உப்பு வரியை 1825இலேயே எடுத்துவிட்டான். இங்கே எடுக்க 1947 ஆனது. நடுவில் 1930இல் ராஜாஜி வேதாரண்யம் வரை நடந்து போய் உப்பு அள்ளியதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஒரு பிடி உப்புக்கு அவ்வளவு பெரிய போராட்டமா என்று பரீட்சைக்குப் படித்தபோது தோன்றியிருக்கும். காலையில் ஒரு பாத்தியைக் கலக்கிவிட்டு வந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

மத்தியானப் பஸ்ஸில் திரும்பினார்கள். ஊரைத் தாண்டும்போது ஜன்னலில் அதே கட்டங்கள், அதே வெள்ளைக் குவியல்கள். முன் சீட்டில் ஒரு பையன் "ஏய், உப்புடா!" என்று படம் எடுத்தான். அம்பத்தூர் செல்போனை எடுத்து, காலையில் பிடித்த வீடியோவை அழித்தான். அக்காவுக்கு அனுப்ப அவனிடம் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருந்தது. வரப்பு மேல் அம்மாவும் மகனும் நிற்கிற படம். அனுப்பலாமா என்று மரக்காணத்திடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினான்.

செலவு மொத்தம் ஆளுக்கு எழுநூற்றுச் சொச்சம்.

மரக்காணம் போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆலம்பரை, கோயில், கழுவேலி, கடற்கரை எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்துவிடலாம். பறவைக்கும் உப்புக்கும் சேர்த்துப் போவதென்றால் பிப்ரவரி, மார்ச் சரியான நேரம். உப்பளத்துக்கு விடியற்காலையில் போங்கள். அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பாருங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வரப்பில் மட்டும் நடங்கள், அதுவும் பார்த்து. பாத்தியில் இறங்காதீர்கள். சும்மா தண்ணீர் என்று உங்களுக்குத் தோன்றுவது யாரோ ஒரு மாதம் மிதித்த தரை.

இரண்டு வாரம் கழித்து மரக்காணம் ஊருக்குப் போய்விட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தான். அன்றைக்குக் கலங்கிய பாத்தியில் வாரிய உப்பு பழுப்பாக இருந்ததால் குவியலில் சேர்க்கவில்லையாம். தனியாக ஒதுக்கியதில் அம்மா கொஞ்சம் கேட்டு வாங்கிக் கருவாடு போட்டிருக்கிறார்கள். "மிதிச்சவங்களையே துன்னச் சொல்லுன்னாங்க" என்று பொட்டலத்தைப் பிரித்தான். ஹாஸ்டல் தயிர் சோற்றுக்கு நாலு பேரும் அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை.